பக்கவாதத்துக்குப் பிறகு மூளையில் ஏற்படும் அழற்சியைக் குறைக்க மருந்து உண்டா?

குடமுருட்டிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 66. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பத்தாண்டுகளாக உண்டு. பதினோரு நாள்களுக்கு முன் இரவு பத்து மணிவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் படுத்தவர், விடியற்காலையில் வலது கையையும் காலையும் அசைக்க முடியாமல், வாய் குழறிய நிலையில் கிடந்தார். மருத்துவமனையில் சேர்த்தபோது காலை எட்டு மணி ஆகிவிட்டது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு உரிய நேரம் கடந்துவிட்டது என்றும், அடைபட்டிருப்பது பெருங்குழாய் அன்று, அதற்கடுத்த கிளை என்பதால் குழாய்விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையும் இவருக்குப் பொருந்தாது என்றும் மருத்துவர் விளக்கினார்.

மூன்றாம் நாள் தந்தை அரைத்தூக்கமாகவே கிடந்தார். மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து, “மூளையில் வீக்கம் இருக்கிறது” என்று சொல்லி மன்னிட்டால் என்ற மருந்தை ஏற்றினார்கள். ஆறாம் நாளுக்குப் பிறகு தெளிந்துவிட்டார். இப்போது சாதாரண வார்டில் இருக்கிறார். மூக்கில் உணவுக் குழாயும், சிறுநீருக்குக் குழாயும் இன்னும் இருக்கின்றன. சொல்வது புரிகிறது, பதில் சொல்லத்தான் வார்த்தை வருவதில்லை. இன்னும் மூன்று நான்கு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இதற்கிடையில் உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சித்தப்பா தன் நண்பருக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது ஸ்டீராய்டு கொடுத்துத்தான் பிழைக்கவைத்தார்கள் என்றும், அண்ணனுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேள் என்றும் தினமும் தொலைபேசியில் வற்புறுத்துகிறார். அத்தை மகன் மஞ்சளின் சத்தைப் பிரித்தெடுத்த மாத்திரை இரண்டு புட்டி வாங்கி வந்துவிட்டார். கழுத்தின் பின்புறம் ஓர் ஊசி போட்டதும் பல ஆண்டுகளாக முடங்கியிருந்தவர் கையைத் தூக்குகிற காணொளி ஒன்றையும் எல்லோரும் எனக்கு அனுப்புகிறார்கள். மருத்துவரிடம் கேட்டபோது, “வீக்கம் வடிந்துவிட்டது, இனி பிசியோதெரபிதான்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வெளியே பத்துப் பேர் காத்திருக்கும்போது அதற்கு மேல் கேட்க எனக்கும் கூச்சமாக இருந்தது.

மூளையில் அழற்சி தொடர்ந்துகொண்டே இருக்கும், அதைக் குறைத்தால்தான் மீட்சி என்று படித்தேன். அதற்கு உண்மையில் ஏதேனும் வழி உண்டா? நாங்கள் எதையாவது செய்யாமல் விட்டுவிடுகிறோமா?

பொதுமருத்துவன் எழுதியது:

ஐயா, நான் நரம்பியல் நிபுணன் அல்லன். பக்கவாத நோயாளிகளை நாள்தோறும் பார்க்கும் பொது மருத்துவன். உங்கள் தந்தையின் சிகிச்சையைப் பற்றி அவரை நேரில் பார்ப்பவர்தாம் முடிவு சொல்ல வேண்டும் என்பதை முதலில் கூறிவிடுகிறேன்.

உங்கள் கேள்வியில் வீக்கமும் அழற்சியும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. குடும்பத்தாரிடம் பேசும்போது நாங்களே இரண்டுக்கும் “வீக்கம்” என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால் வரும் குழப்பம் இது. ரத்தம் நின்றவுடன் செல்லுக்குள் புகும் சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் பம்புகள் எரிபொருள் இல்லாமல் நின்றுபோகின்றன. சோடியத்தைத் தொடர்ந்து நீரும் உள்ளே சென்று செல் உப்புகிறது. பின்னர் ரத்தக்குழாயின் சுவரும் கசியத் தொடங்குகிறது. இதுதான் வீக்கம். பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு வடியும். மன்னிட்டால் மூளையிலிருந்து நீரை ரத்தத்துக்கு இழுப்பதன் மூலம் அழுத்தத்தைத் தற்காலிகமாகக் குறைக்கிறது. பெருங்குழாய் முழுவதும் அடைபட்டு மூளையின் பாதி உப்பிவிடும் நிலையில், மண்டையோட்டின் ஒரு பகுதியைக் கழற்றி வைத்து இடம் கொடுக்கும் அறுவைதான் உயிரைக் காக்கிறது. மூன்று ஐரோப்பிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2007இல் வெளியான கணக்கின்படி, 60 வயது வரையிலானவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் அந்த அறுவையைச் செய்தபோது ஓராண்டில் 78 விழுக்காட்டினர் உயிரோடிருந்தனர். செய்யாதவர்களில் 29 விழுக்காட்டினர்தாம். உங்கள் தந்தை அந்தக் கட்டத்துக்குப் போகாமலே தாண்டிவிட்டார்.

அழற்சி வேறு. மூளைக்குள்ளேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா என்னும் காவல் செல்கள், அடைப்பு ஏற்பட்ட சில நிமிடங்களிலேயே விழித்துக்கொள்கின்றன. அவை வெளியிடும் வேதிப்பொருள்களால் ரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அழைக்கப்படுகின்றன. முதல் ஓரிரு நாள்களில் நியூட்ரோபில்கள் என்னும் வெள்ளணு வகை வந்து, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அரிக்கும் நொதிகளைக் கொட்டி, பிழைத்திருக்கக்கூடிய ஓரப்பகுதியையும் கெடுக்கின்றன. இந்தப் பகுதியை மட்டும் படிப்பவர்களுக்கு அழற்சியை அடியோடு அடக்கிவிட வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் அடுத்த சில நாள்களில் வரும் செல்கள் இறந்த திசுவை விழுங்கி அப்புறப்படுத்துகின்றன. புதிய ரத்தக்குழாய் முளைப்பதற்கும் நரம்பிணைப்புகள் மாற்றி அமைவதற்கும் தேவையான பொருள்களைச் சுரக்கின்றன. தீமை செய்த அதே செல்வகைகள் பிறகு தம் குணத்தை மாற்றிக்கொண்டு நன்மையும் செய்கின்றன. பதினோராம் நாளில் உங்கள் தந்தையின் மூளையில் நடந்துகொண்டிருப்பதில் பெரும்பகுதி இந்தத் துப்புரவுப் பணிதான். அதை மாத்திரை போட்டு நிறுத்துவதால் லாபம் வரும் என்று எதைக்கொண்டு சொல்வது?

ஆய்வுகளின் வரலாறும் இதையே காட்டுகிறது. வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டுவதைத் தடுக்கும் என்லிமோமாப் என்ற எதிர்ப்புரதம் விலங்குகளில் நன்றாக வேலை செய்தது. 625 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2001இல் முடிவு வெளியானபோது, மருந்து பெற்றவர்களிடையே இறப்பு 22.2 விழுக்காடு, ஒப்பீட்டுக்காக மருந்துச் சத்தே இல்லாத போலிமருந்து பெற்றவர்களிடையே 16.2 விழுக்காடு என்றிருந்தது. காய்ச்சலும் தொற்றும் அதிகமாயின. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் அனகின்ரா, 2018இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் ரத்தத்திலுள்ள அழற்சிக் குறியீடுகளை இறக்கியது. நோயாளியின் நிலை அதனால் மேம்படவில்லை. கோல்கிசின் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்து மறுபடி பக்கவாதம் வராமல் தடுக்குமா என்று சீனாவில் 8,300க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. மூன்று மாதத்தில் வேறுபாடு இல்லை.

சித்தப்பாவின் கேள்வி நியாயமானதே. காசநோய்க் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இறப்பைக் குறைக்கிறது. மூளைக்கட்டியைச் சுற்றிய வீக்கத்திலும் அது வியக்கத்தக்க விதத்தில் வேலை செய்யும். அங்கே கசியும் குழாய்ச் சுவரும் கிருமிக்கு எதிரான கொந்தளிப்பும்தான் சிக்கல். ஸ்டீராய்டு அவற்றை அடைக்கும். பக்கவாதத்தில் உப்பியிருப்பது இறந்துகொண்டிருக்கும் செல்லின் உட்புறம். ஸ்டீராய்டுக்கு அங்கே செய்ய அதிகம் இல்லை. ரத்தக்கசிவால் வரும் பக்கவாதத்தில் டெக்சாமெத்தசோனைப் பாங்காக்கில் 93 பேரிடம் சோதித்தபோது பயன் தெரியவில்லை, தொற்றும் சர்க்கரைச் சிக்கலும் மிகுந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தி 1987இல் முடிவை வெளியிட்டார்கள். அண்மையில் சீனாவில் ஒரு மாறுதலான முடிவு வந்தது. குழாய்விட்டுக் கட்டியை எடுக்கும் சிகிச்சை பெற்ற 1,680 பேரில் ஒரு பாதியினருக்கு மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் குறைந்த அளவில் மூன்று நாள் மட்டும் கொடுத்தார்கள். 2024இல் வெளியான அந்த ஆய்வில் ஊனத்தின் அளவில் தெளிவான வேறுபாடு இல்லை. இறப்பு மட்டும் 28.5இலிருந்து 23.2 விழுக்காடாகக் குறைந்திருந்தது. மேலும் ஆராயத்தக்க செய்திதான். ஆனால் அது பெருங்குழாய் அடைப்புக்கு, முதல் மூன்று நாளுக்கு உரியது. பதினோராம் நாளில் சர்க்கரை நோயாளி ஒருவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை எகிறும், தொற்று வரும். எதிரே வைக்க லாபம் ஒன்றும் இல்லை.

மஞ்சள் மாத்திரையைப் பற்றி: எலிகளிடம் நல்ல முடிவுகள் உண்டு, பக்கவாத நோயாளிகள் அதனால் தேறியதாக நிறுவப்படவில்லை. குழம்பில் போடும் மஞ்சளை யாரும் தடுக்கவில்லை. செறிவூட்டிய மாத்திரை வேறு பொருள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்றவற்றை உண்பவருக்கு ரத்தக்கசிவு வாய்ப்பை அது கூட்டக்கூடும். சிலருக்குக் கல்லீரலும் பாதிக்கப்பட்டிருக்கிறது. புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மருந்துச் சீட்டில் அட்டர்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரை இருக்கும். “கொழுப்பு சரியாகத்தானே இருக்கிறது” என்று பலர் அதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். அது குழாய்ச் சுவரின் அழற்சியையும் சேர்த்துத் தணிக்கும் மருந்து. நிறுத்த வேண்டாம்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

தம்பி, மருத்துவர் சொன்னதற்கு மேல் மருந்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. நான் முப்பது ஆண்டுகள் வார்டில் நின்றவள். “எதையாவது செய்யாமல் விட்டுவிடுகிறோமா” என்று கேட்டிருந்தீர்கள். அதற்குத்தான் எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்தவரின் உடம்பில் நோய் எதிர்ப்பு சில வாரங்களுக்குத் தாழ்ந்திருக்கும். அந்த நேரத்தில் நுரையீரலிலோ சிறுநீர்ப்பாதையிலோ தொற்று வந்தால் காய்ச்சல் ஏறும். காய்ச்சல் ஏறினால் அடிபட்ட மூளை இன்னும் அடிபடும். வெளியே எரியும் நெருப்பு உள்ளே இருப்பதையும் விசிறிவிடுகிறது என்று எங்கள் தலைமைச் செவிலியர் சொல்வார். ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் ஓர் ஆய்வு நடத்தி 2011இல் வெளியிட்டார்கள். புது மருந்து எதுவும் கிடையாது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் முதல் மூன்று நாள் செவிலியர்கள் ஒரு முறைவைத்துக் கவனித்தார்கள், அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ நேர்ந்தவர்களும் வழக்கமான பிரிவுகளில் 58 விழுக்காடு, முறைவைத்துக் கவனித்த பிரிவுகளில் 42 விழுக்காடு. மருத்துவர் குறிப்பிட்ட மருந்துகளில் எதுவும் இவ்வளவு செய்ததாகத் தெரியவில்லை.

உங்கள் தந்தைக்கு முதல் மூன்று நாள் கடந்துவிட்டாலும், வீட்டுக்கு வந்த பிறகு வரும் ஆபத்து இந்த வாசல்கள் வழியாகத்தான். மூக்குக் குழாய் இருக்கும்போது வாய்தானே சும்மா இருக்கிறது என்று பல் துலக்குவதை விட்டுவிடுவார்கள். வாயில் வளரும் கிருமிதான் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கும். காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால் துலக்கி, ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் துடையுங்கள். குழாயில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்த அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்போடு இளநீரும் சாத்துக்குடிச் சாறும் கொண்டுவந்து, “ஒரு வாய் குடிக்கட்டும்” என்று ஸ்பூனில் ஊற்றிவிடுவார்கள். விழுங்கும் சக்தி குறைந்தவருக்குத் தண்ணீர் போன்ற நீர்மமே மிகவும் ஆபத்து. கெட்டியான கூழைவிட விரைவாக மூச்சுக்குழாயில் நழுவிவிடும். இருமல் வந்தால்தான் புரையேறியது என்று நினைக்காதீர்கள், சிலருக்கு இருமலே வராது. விழுங்கும் சோதனை செய்து, பேச்சுப் பயிற்சியாளரோ மருத்துவரோ அனுமதித்த பிறகே வாய்வழி உணவு. கட்டிலருகே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள், வருகிறவர்கள் உங்களைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சிறுநீர்க் குழாய் இன்னும் ஏன் இருக்கிறது என்று நாளை காலையே கேளுங்கள். அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கு வாய்ப்பு. வீட்டில் வெப்பமானி ஒன்றும் சர்க்கரை பார்க்கும் கருவியும் இருக்கட்டும். அந்த ஆய்வில் 37.5 டிகிரியைத் தொட்டவுடனே காய்ச்சல் என்று கொண்டார்கள். நம் பழைய ஃபாரன்ஹீட் கணக்கில் அது 99.5. நாம் 101 வரும்வரை காத்திருக்கிறோம்.

கோவைவாசி எழுதியது:

கழுத்து ஊசியைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் அதற்காக வீட்டு நகையை அடகு வைக்கும்வரை போனவன் நான். என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து நான்காவது ஆண்டில் அதே காணொளியைப் பார்த்தேன். எட்டனர்செப்ட் என்ற மூட்டுவாத மருந்தைக் கழுத்தின் பின்புறம் செலுத்தி, உடனே தலை தாழ்ந்த நிலையில் சற்று நேரம் வைத்திருப்பார்கள். அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற பொருளை அது மடக்கும் என்பது விளக்கம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதைப் பல ஆண்டுகளாகப் பணம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து பல நோயாளிகள் அங்கே போய்வந்ததால், இதைச் சோதித்தே தீர வேண்டும் என்று அந்நாட்டு அரசின் நிதியில் ஓர் ஆய்வு நடந்தது. பக்கவாதம் வந்து ஓராண்டு முதல் பதினைந்து ஆண்டு வரை ஆன 126 பேரில் ஒரு பிரிவினருக்கு அந்த மருந்தையும் மற்றவர்களுக்குப் போலிமருந்தையும் அதே முறையில் செலுத்தினார்கள். 2025இல் முடிவு வெளியானது. வாழ்க்கைத்தரம் மேம்பட்டதாகத் தெரிந்தவர்கள் மருந்துப் பிரிவில் 53 விழுக்காடு, போலிமருந்துப் பிரிவில் 58 விழுக்காடு.

போலிமருந்திலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் மேம்பட்டார்கள் என்பதைப் படித்தபோதுதான் காணொளிகளின் இரகசியம் எனக்குப் புரிந்தது. அவற்றில் கையைத் தூக்குகிறவர்கள் நடிக்கவில்லை. நம்பிக்கையும் எதிர்பார்ப்பும் அந்த நேரத்தில் அவ்வளவு செய்கின்றன. நகை அடகிலிருந்து திரும்பிவிட்டது.

ஆனால் பொதுமருத்துவன் ஐயாவிடம் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. அழற்சிக்கு எதிரான எல்லா மருந்தும் தோற்றதுபோல் எழுதியிருக்கிறீர்கள். மினோசைக்ளினை ஏன் விட்டுவிட்டீர்கள்? சீனாவில் அது வெற்றி பெற்றதாகப் படித்தேனே.

பொதுமருத்துவன் எழுதியது:

விட்டது என் பிழை, சுட்டிக்காட்டியதற்கு நன்றி. மினோசைக்ளின் முகப்பருவுக்குக் கொடுக்கும் மலிவான பழைய நுண்ணுயிர்க்கொல்லி; மைக்ரோகிளியாவின் கொந்தளிப்பையும், தடுப்புச் சுவரை அரிக்கும் நொதியையும் அது அடக்குகிறது. 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த சீன ஆய்வின் முடிவை 2025இல் அறிவித்தார்கள். ஏறத்தாழ முழுமையாகத் தேறியவர்கள் மருந்துப் பிரிவில் 52.6 விழுக்காடு, மற்றதில் 47.4 விழுக்காடு. நூறு பேருக்கு ஐந்து பேர் கூடுதல் என்பது இத்துறையில் சிறிய செய்தி அன்று. வேறு நாடுகளிலும் இதே முடிவு கிடைத்தால் வழக்கமான சிகிச்சையாகிவிடும் என்றே நானும் எதிர்பார்க்கிறேன். ஆனால் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினார்கள். அழற்சி கெடுதல் செய்யும் அந்தக் குறுகிய சாளரத்தில் பிடித்ததால்தான் பலன் கிடைத்திருக்கலாம் என்பது என் கருத்து. பதினோராம் நாளில் மருந்துக்கடையில் வாங்கிப் போடுவதற்கு இது ஆதரவாகாது. இதை இங்கே வெளிப்படையாகச் சொல்வதற்குக் காரணம், படிக்கிறவர்களில் யாராவது நாளைக்கே வாங்கிவிடுவார்கள் என்ற அச்சம்தான்.

குடமுருட்டிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செவிலி அம்மா சொன்னபடி நேற்றுக் காலையில் சிறுநீர்க் குழாயைப் பற்றிக் கேட்டேன். “எடுத்திருக்க வேண்டியதுதான்” என்று அன்றே எடுத்துவிட்டார்கள். ஆனால் மாலையில் உடம்பு சற்றுக் கதகதப்பாக இருந்தது; வெப்பமானியில் 99.8. வார்டில் சொன்னபோது, இதெல்லாம் காய்ச்சலே இல்லை என்றார்கள். என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

விட்டுவிடாதீர்கள், தம்பி. குழாயை எடுத்த பிறகு மெல்லிய சூடு வந்தால் முதலில் சிறுநீரைத்தான் பார்க்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையும், மார்பைச் சோதிப்பதும் இன்றே நடக்கட்டும் என்று பணி மருத்துவரிடம் கேளுங்கள். சண்டை போட வேண்டாம், “இவருக்குச் சர்க்கரை உண்டு, நேற்றுத்தான் குழாய் எடுத்தது, மாலையில் 99.8, காலையில் இவ்வளவு” என்று நேரத்தோடு எழுதிய தாளை நீட்டுங்கள். எழுதிய தாளை மறுப்பது கடினம்.

குடமுருட்டிக்கரை எழுதியது:

சிறுநீரில் சீழ் செல்கள் இருப்பதாக முடிவு வந்தது. எந்தக் கிருமி என்று அறியும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பிவிட்டு நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்புவதை நான்கு நாள் தள்ளிவைத்துவிட்டார்கள். இன்று காலை சூடு 98.4. பல் துலக்கிவிடும்போது தந்தை என் கையைத் தட்டிவிட்டுத் தானே இடக்கையால் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். மஞ்சள் மாத்திரையை அத்தை மகன் கடையில் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறார். ஒரு புட்டியைத்தான் ஏற்றுக்கொள்வார்களாம்.